தெளிந்த ஆழமான ஏரியில் பாஸ் மீன் பிடிக்க: பீவர் ஏரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தண்ணீர் கலங்கிக் கிடந்தால் மீனுக்குக் கண் தெரியாது, பிடிப்பவனுக்கு வேலை சுலபம். ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரிக்குத் தூண்டிலோடு போன முதல் கோடையில் அந்தப் பேச்சின் மறுபக்கத்தைக் கற்றுக்கொண்டேன். அணைப் பக்கம் படகை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தால், பத்தடிக்குக் கீழே கிடக்கும் கல்லின் விளிம்புகூடத் தெரிகிறது. மேலிருந்து எனக்கே அவ்வளவு தெரிகிறது என்றால், கீழே இருக்கும் மீனுக்கு என் படகும், அசையும் கையும், தடித்த தூண்டில் நரம்பும் எவ்வளவு தெரிந்திருக்கும்! அந்தக் கோடை முழுக்க நல்ல மீன் ஒன்றுகூட மாட்டவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருடமாக இதே ஏரியில்தான் தூண்டில் போடுகிறேன். இங்கே சொல்லப்போகும் அத்தனையும் ஒரே விஷயத்துக்காகத்தான்: மீன் உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் இரையைப் பார்க்க வேண்டும். நரம்பு ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும், ஏன் தூரமாக வீச வேண்டும், ஏன் ஆழத்துக்குப் போக வேண்டும் என்பதற்கெல்லாம் காரணம் அதுதான்.

முதலில் ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பென்டன்வில், ராஜர்ஸ் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது இந்த ஏரித் தண்ணீர்தான். ஒயிட் ரிவர் என்ற ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணை 1966-இல் முடிந்தது. அதே ஆற்றில் கீழே போகப்போக மிசௌரி எல்லையில் டேபிள் ராக் ஏரி (1958), அதற்கும் கீழே புல் ஷோல்ஸ் ஏரி (1951). மூன்றும் ஓசார்க் மலைப்பகுதியின் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகளில் தேங்கிய தண்ணீர். அதனால் மூன்றின் குணமும் கிட்டத்தட்ட ஒன்றே. அட்லாண்டா பக்கம் லேனியர் ஏரிக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏரி முழுக்க ஒரே தெளிவு இருக்காது. ஆறு ஏரிக்குள் நுழையும் மேல்பகுதியில், வார் ஈகிள், ஹிக்கரி கிரீக் பக்கம், மழை கொண்டுவரும் மண் படிகிறது. அங்கே தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும். நடுவில் பிரேரி கிரீக். அணையை நோக்கிப் போகப்போக ராக்கி பிராஞ்ச், லாஸ்ட் பிரிட்ஜ், இந்தியன் கிரீக் என்று தண்ணீர் கண்ணாடியாகிக்கொண்டே வரும். ஆழமும் கூடும். மேல்பகுதியில் கரையோரம் கனமான நரம்போடு வெற்றி கண்ட ஒருவர், அதே சாமானை அணைப் பக்கம் கொண்டுவந்தால் வெறுங்கையோடு திரும்புவார். எங்கே நிற்கிறோம் என்று பார்த்துத்தான் சாமானை எடுக்க வேண்டும்.

உரிமம் இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. ஆர்கன்சாவில் 16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் கட்டாயம். மிசௌரியில் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு 16 முதல் 64 வரை. அந்தந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை இணையதளத்தில் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். டேபிள் ராக், புல் ஷோல்ஸ் இரண்டும் இரு மாநிலத்திலும் பரவிக் கிடப்பதால், எல்லைக்கு இருபுறமும் பிடிக்க ‘ஒயிட் ரிவர் பார்டர் லேக்ஸ்’ என்று தனி அனுமதி இருக்கிறது. எத்தனை அங்குலத்துக்கு மேல் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்பது ஏரிக்கு ஏரி, இனத்துக்கு இனம் மாறும். கிளம்பும் முன் அந்த வருடத்து விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் சில நாள் உரிமம் இல்லாமலே பிடிக்க இரு மாநிலமும் அனுமதிக்கின்றன. பிடித்திருக்கிறதா என்று குடும்பத்தோடு பார்க்க அது நல்ல சந்தர்ப்பம்.

எந்த மீன் என்று தெரிய வேண்டும்

பாஸ் என்றதும் கொடுவாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். கொடுவாவை இங்கே ஏஷியன் சீ பாஸ் என்பார்கள். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. இந்த ஏரி பாஸ் சன்ஃபிஷ் என்ற நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே மூன்று வகை உண்டு. லார்ஜ்மவுத்துக்கு வாய் பெரிது. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடையின் நுனி கண்ணைத் தாண்டிப் போகும். ஸ்மால்மவுத் வெண்கல நிறம், உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள். மூன்றாவது ஸ்பாட்டட் பாஸ். உள்ளூரில் கென்டக்கி என்பார்கள். வயிற்றை ஒட்டிப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நாக்கில் விரலை வைத்தால் உப்புத்தாள் போல ஒரு சொரசொரப்புத் தட்டுப்படும். விதி இனத்துக்கு இனம் மாறுவதால் இந்த விரல் சோதனையை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

லார்ஜ்மவுத் மரத்தை ஒட்டி, நிழலை ஒட்டி இருக்கும். ஸ்மால்மவுத்துக்குக் கல்லும் சரளையும் வேண்டும். கென்டக்கி கூட்டமாகத் திரியும், ஆழத்தில் இருக்கும், பசியோடும் இருக்கும். புதிதாக வருபவருக்கு முதல் மீன் பெரும்பாலும் கென்டக்கியாகத்தான் இருக்கும்.

இவை மூன்றும் தின்பது முக்கியமாக இரண்டு. ஒன்று கிரேஃபிஷ், கல்லிடுக்கில் வாழும் நன்னீர்ச் சிங்கி இறால் மாதிரி. இன்னொன்று ஷாட், மத்தியின் தூரத்து உறவான வெள்ளி நிற மீன், திரள் திரளாகத் திரியும். கற்கள் உள்ள இடத்தில் கிரேஃபிஷ் மாதிரி இரை, நடுத்தண்ணீரில் ஷாட் மாதிரி இரை என்று யோசித்தாலே இரைப் பெட்டியில் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

சாமான்

கடைக்குப் போனால் நூறு வகை ராடு, அதாவது தூண்டில் கோல், இருக்கும். ஆரம்பத்துக்கு ஒன்று போதும்: ஏழடிக்குச் சற்றுக் குறைந்த ஸ்பின்னிங் ராடு, ‘மீடியம் லைட்’ என்று எழுதியிருக்கும், அதற்கு நரம்பு சுற்றி வைக்கும் 2500 அளவு ரீல். பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் ராடில் மிச்சப்படுத்துங்கள், நரம்பில் வேண்டாம்.

நம் ஊரில் நரம்பு என்றால் நைலான் நரம்புதான். இங்கே ஃப்ளூரோகார்பன் நரம்பு வாங்க வேண்டும். ஒளி தண்ணீருக்குள் எவ்வளவு வளைகிறதோ, ஏறக்குறைய அதே அளவு இந்த நரம்புக்குள்ளும் வளைவதால் நைலானைவிட இது கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42. முற்றிலும் மறைந்துவிடாது, ஆனால் நைலானைவிட மேல். தண்ணீரில் மூழ்கவும் செய்யும். ரீல் முழுக்க 10 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பைச் சுற்றிவிட்டு, நுனியில் 10 முதல் 15 அடி வரை 6 அல்லது 8 பவுண்டு ஃப்ளூரோகார்பனை முடியுங்கள். பின்னல் நரம்பு நீளாது. 40 அடிக்குக் கீழே மீன் மூச்சு விட்டாலும் விரலுக்குத் தெரியும் அளவுக்கு உணர்வு கொடுக்கும். இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும்.

எந்த முடிச்சாக இருந்தாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்தில் பலமிழந்துவிடும். பீவர் ஏரியில் ஸ்ட்ரைப்பர் என்ற பெரிய மீனையும் அரசாங்கமே வளர்த்து விடுகிறது. அது எப்போது வந்து இரையைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அப்போது உங்களைக் காப்பாற்றுவது முடிச்சும், மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும்படி சரியாகத் தளர்த்தி வைத்த ரீல் ட்ராக்கும்தான்.

ஈயக்குண்டுக்குப் பதில் டங்ஸ்டன் குண்டு கிடைக்கும், விலை அதிகம். ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தி என்பதால் அதே எடைக்குக் குண்டு சின்னதாக இருக்கும், அடித்தரையை இன்னும் துல்லியமாகச் சொல்லும். அப்புறம் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி ஒன்று. இதைச் சொகுசு என்று நினைக்காதீர்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டி உள்ளே பார்க்கவைக்கும்.

எவ்வளவு ஆழம்?

கோடையில் ஊர்க் கிணற்றில் குதித்தவர்களுக்கு இது தெரியும். மேலே வெதுவெதுவென்று இருக்கும், காலடியில் திடீரென்று சில்லென்று இருக்கும். ஏரியிலும் அதே கதைதான். வெயிலில் சூடான லேசான தண்ணீர் மேலே, குளிர்ந்த கனத்த தண்ணீர் கீழே. இரண்டும் கலக்காமல் நடுவில் ஒரு அடுக்கு நிற்கும். அதைத்தான் தெர்மோகிளைன் என்கிறார்கள். கோடை முற்ற முற்றக் கீழ் அடுக்கில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் மேல்காற்று அங்கே போய்ச் சேராது. எனவே மீன் பெரும்பாலும் அந்த அடுக்கை ஒட்டியோ அதற்கு மேலேயோதான் இருக்கும்.

இந்த ஏரிகளில் கோடையில் அது பெரும்பாலும் 25 முதல் 35 அடிக்குள் நிற்கும். ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் கருவி இருந்தால் அதன் உணர்திறனைக் கூட்டிப் பாருங்கள். திரையில் புகைபோல மங்கலான ஒரு கோடு படுக்கையாகத் தெரியும், அதுதான். அணையருகே 150 அடித் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு அடித்தரையைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கோட்டின் ஆழமும் அடித்தரையும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். ஏரிக்குள் நீண்டு இறங்கும் சரளை மேட்டின் நுனி, பாறைச் சுவர் வளையும் மூலை, பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பு, மூழ்கி நிற்கும் மரங்கள். ஓசார்க் ஏரிகளில் அணை கட்டும்போது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நட்டபடி நிற்கின்றன. 60 அடித் தண்ணீரில் 30 அடி உயரத்துக்கு நிற்கும் சீடர் மரத்தின் உச்சியில் மீன் இருக்கும். அடித்தரைக்கு இரையை இறக்கினால் மீனைத் தாண்டிப் போய்விடும்.

சோனார் இல்லையா? எண்ணுங்கள். ஆழம் தெரிந்த ஒரு இடத்தில், உதாரணமாக 15 அடியில், இரையை விட்டு நரம்பு தொய்யும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் தொட்டால் உங்கள் இரை ஒரு எண்ணிக்கைக்கு ஒன்றரை அடி இறங்குகிறது. இனி எந்த ஆழத்திலும் அதை நிறுத்தலாம்.

டிராப் ஷாட்: இதைக் கட்டாயம் பழகுங்கள்

ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜப்பானின் கூட்டம் மிகுந்த ஏரிகளில் வளர்ந்து, 1990-களில் கலிஃபோர்னியாவின் தெளிந்த ஏரிகளுக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. சாதாரணத் தூண்டிலில் குண்டு மேலே, முள் கீழே. இதில் குண்டு கீழே, முள் அதற்கு ஓரடி மேலே. குண்டு தரையில் உட்கார்ந்திருக்க, இரை தண்ணீரில் அந்தரத்தில் தவழும்.

கட்டும் முறை:

1. நரம்பின் நுனியிலிருந்து இரண்டரை அடி விட்டு மடித்து, அந்த மடிப்பை முள்ளின் காது வழியாக நுழையுங்கள். முள் 1 அல்லது 2 எண் டிராப் ஷாட் முள்.

2. இரட்டை நரம்பால் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். முள் நடுவில் தொங்கும்.

3. மடிப்பு வளையத்தை விரித்து முள்ளை முழுவதுமாக அதற்குள் விட்டு எடுங்கள். நனைத்து இறுக்குங்கள். இது பாலோமார் முடிச்சு.

4. முள்ளின் கூர் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் வாலை மேலிருந்து கீழாக மறுபடி காதுக்குள் விட்டு இழுங்கள். முள் நரம்பிலிருந்து செங்குத்தாக, ஒரு கிளை போல நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் படியை விட்டால் முள் தொங்கிப்போகும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

5. வாலின் நுனியில் கால் அவுன்ஸ் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய குண்டு. இதற்கென்று வரும் குண்டில் நரம்பைக் கவ்வும் ஒரு சின்னக் கண்ணி இருக்கும், முடிச்சு வேண்டாம். பாறையில் சிக்கினால் பலமாக இழுங்கள், குண்டு மட்டும் கழன்று போகும்.

6. நாலு அங்குல மெல்லிய பிளாஸ்டிக் புழுவை, மூக்கு நுனியில் ஒரு துளி மட்டும் பிடிக்கும்படி கோர்த்துவிடுங்கள். மரம் நிறைந்த இடமானால் முள்ளின் கூரைப் புழுவுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். தெளிந்த தண்ணீருக்கு உள்ளே வெளிச்சம் ஊடுருவும் மங்கல் நிறங்கள். பாக்கெட்டில் ‘கிரீன் பம்ப்கின்’ என்று போட்டிருக்கும் பச்சைப் பழுப்பு ஒன்று, ஷாட் மாதிரி வெளிர் சாம்பல் ஒன்று. இரண்டும் இருந்தால் வருடம் ஓடிவிடும்.

சரி, இறக்கியாகிவிட்டது. குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தொய்யும். தொய்வை எடுத்து, நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டபடி வைத்துக்கொள்ளுங்கள். ராடின் நுனியை மட்டும் நடுங்கவிடுங்கள், குண்டு நகரவே கூடாது. பத்து விநாடி நடுக்கம், பத்து விநாடி சும்மா. எனக்குச் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் மாட்டியிருக்கிறது.

விரலுக்கு வரும் செய்தியைப் படிக்கப் பழகுவதில் இந்தக் கலையின் பாதி இருக்கிறது. குண்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரளையானால் கற்கண்டு டப்பாவைக் குலுக்குவது போலக் கிறுகிறுவென்று வரும். பெரிய பாறையானால் டொக் என்று ஒரு தட்டு, அப்புறம் ஒன்றுமில்லை, குண்டு விழுகிறது, மறுபடி டொக். சேறானால் களிமண்ணில் கால் வைத்ததுபோல ஒட்டிக்கொண்டு கனக்கும். அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சேறு முடிந்து சரளை தொடங்கும் கோடு கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள்.

மீன் கொத்துவது எப்படி இருக்கும்? ஒரு அக்டோபர் காலை, இந்தியன் கிரீக் பக்கம், 28 அடி. ராடைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். தட்டலோ வெட்டி இழுப்போ வரவில்லை. விரலில் இருந்த நரம்பு கொஞ்சம் கனத்தது, ஈரத்துணி ஒன்று மேலே வந்து படிந்த மாதிரி. பாசி என்று நினைத்து மெதுவாகத் தூக்கினேன். பாசி திரும்பி ஓடியது. இரண்டேமுக்கால் பவுண்டு ஸ்மால்மவுத், தண்ணீரைவிட்டு இரண்டு முறை எகிறிக் குதித்தது. கனம் கூடினால் மீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ராடை வெட்டி இழுக்கவும் கூடாது. 6 பவுண்டு நரம்பு அறுந்துவிடும். ரீலை வேகமாக நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டே ராடை உயர்த்துங்கள், மெல்லிய முள் தானாகத் தாடையில் ஏறும்.

மற்ற முறைகள்

நெட் ரிக்: கேன்சாஸ் எழுத்தாளர் நெட் கெடி பெயரால் வழங்குவது. காளான் வடிவத் தலையுள்ள சின்ன முள்ளில் இரண்டரை அங்குலப் புழுத்துண்டு. பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், வீட்டில் குழந்தைகளிடம் கொடுத்தாலும் மீன் பிடிக்கும். வீசி, தரையில் விட்டு, மெதுவாக இழுத்தால் போதும். இதற்கான மிதக்கும் ரகப் பிளாஸ்டிக்கை மற்றப் புழுக்களோடு ஒரே பெட்டியில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும், வந்த பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். கரையிலிருந்து பிடிப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

ஸ்பூன்: குளிர்காலத்துக்கு. கனமான உலோகத் தகட்டை 40, 50 அடிக்கு நேராக இறக்கி, ஓரடி சுண்டித் தூக்கி, விழவிடுவது. விழும்போதுதான் மீன் பிடிக்கும், ஆகவே விழும்போது நரம்பு அதிகம் தொய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்க்பெய்ட்: சின்ன மீன் வடிவக் கடின இரை. வசந்தத்தின் தொடக்கத்தில், தண்ணீர் 45 முதல் 55 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்போது இதைவிட நல்லது இல்லை. சுண்டி, சுண்டி, நிறுத்த வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் பத்து, பதினைந்து விநாடி நிறுத்தம். அந்த நிறுத்தத்தைப் பொறுக்க முடிந்தவர்களுக்கே மீன்.

மேகம், காற்று, இரவு

புதியவர்கள் நல்ல வெயிலும் அசையாத தண்ணீரும் உள்ள நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். படகுப் பயணத்துக்கு அது அழகான நாள், தெளிந்த ஏரியில் தூண்டிலுக்கு மிகக் கடினமான நாள். லேசான காற்றில் தண்ணீர் மேல்பரப்பு சிற்றலையாகச் சுருங்கினால் வெளிச்சம் சிதறும். மீனுக்கு உங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது, தைரியமாக மேலேறி வந்து தின்னும். காற்று எந்தக் கரையில் போய் மோதுகிறதோ அந்தக் கரைக்குப் போங்கள். காற்று இல்லாத வெயில் நாளில் ஆழத்தைக் கூட்டி, நரம்பை 6 பவுண்டாக இறக்கி, தூரத்திலிருந்து வீசுங்கள். மின்மோட்டாரை அடிக்கடி போட்டு நிறுத்துவதைவிட, மெதுவான ஒரே வேகத்தில் ஓடவிடுவது நல்லது.

கோடையில் இன்னொரு வழி இரவு. ஓசார்க் ஏரிகளில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம் இது. பகலில் 30 அடியில் கிடக்கும் மீன் இருட்டியதும் 10 அடிக்கு வந்துவிடும். கறுப்பு நிற ஜிக் (குண்டுத்தலை வைத்த முள்) ஒன்றும் கனமான நரம்பும் போதும், இருட்டில் நரம்பு தெரியாது. புதியவர்கள் தெரிந்த ஒருவரோடு மட்டும் போங்கள். விளக்கும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் தண்ணீர் குளிர, ஷாட் திரள் ஓடைகளின் உட்பகுதிக்குப் போகும், மீனும் பின்னால் போகும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து லூன் என்ற பறவை இங்கே வந்து தங்குகிறது. நம் முக்குளிப்பானைப் போலவே மூழ்கி மீன் பிடிக்கும், உருவத்தில் பெரிது. லூன்கள் நாலைந்து ஒரே இடத்தில் மூழ்கி எழுந்தால் கீழே ஷாட் இருக்கிறது, ஷாட்டுக்குக் கீழே பாஸ் இருக்கிறது. விலை உயர்ந்த சோனார் செய்யும் வேலையைப் பறவை இலவசமாகச் செய்துகொடுக்கும். அதன் நடுவில் படகை விட்டுக் கலைத்துவிடாமல் தள்ளி நின்று வீசுங்கள்.

படகு இல்லாதவர்களுக்கு

படகு வேண்டும் என்று ஒத்திப்போடாதீர்கள். கரை செங்குத்தாக இறங்கும் இடத்தில் ஆழம் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. பொறியாளர் படையின் பூங்காக்களில் ஏரிக்குள் நீண்டிருக்கும் சரளை மேடுகளைப் பாருங்கள். தண்ணீர் விளிம்புக்கு நேராக நடந்துபோய் நிற்காமல், பத்தடி தள்ளி நின்று முதல் வீச்சைக் கரைக்கு இணையாகப் போடுங்கள். விளிம்பில் இருக்கும் மீனைக் காலடிச் சத்தத்தால் விரட்டிவிட்டு நடுத்தண்ணீரில் தேடுவது எல்லோரும் செய்யும் தவறு. வெளிர் நிறச் சட்டை வேண்டாம், பின்னால் இருக்கும் மரங்களோடு கலக்கும் நிறமாகப் போடுங்கள். பாசி படிந்த சுண்ணாம்புக்கல் மோசமாக வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.

பிடித்த பிறகு

ஏப்ரல், மே மாதங்களில் கரையோரம் சரளையைத் துடைத்தது போல வட்டமாக ஒரு வெளிர் இடம் தெரிந்தால் அது கூடு. தெளிந்த ஏரியில் பத்தடிக்குக் கீழேகூட இருக்கும். முட்டையைக் காத்துக்கொண்டு நிற்பது ஆண் மீன். அதைப் பிடித்து அப்புறப்படுத்தினால் சில நிமிடங்களில் மற்ற சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். சட்டம் அனுமதித்தாலும் நான் கூட்டின் மேல் தூண்டில் போடுவதில்லை, நீங்களும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆழத்திலிருந்து எடுக்கும் மீனுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. 30 அடிக்குக் கீழிருந்து மேலே வரும்போது அழுத்தம் குறைந்து அதன் காற்றுப்பை உப்பிவிடும். பாஸால் அந்தக் காற்றைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. விட்டுவிட்டாலும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும், பருந்துக்கோ வெயிலுக்கோ பலியாகும். எடுத்த மீனைப் படம் எடுக்க வைத்துக்கொண்டிருக்காமல் உடனே தலைகீழாக, வேகமாகத் தண்ணீருக்குள் செலுத்துங்கள். பெரும்பாலானவை அந்த வேகத்தில் இறங்கிவிடும். இறங்காதவற்றை எடையோடு கீழே கொண்டுபோய் விடும் கவ்வி ஒன்று கடையில் கிடைக்கிறது. ஊசி குத்திக் காற்றை எடுக்கும் முறையை, தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்காமல் முயற்சி செய்யாதீர்கள். 40 அடியில் மீன் இருக்கிறது என்று தெரிந்தால், வீட்டுக்கு எடுத்துப்போகும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

எடுத்துப்போக ஏற்றது கென்டக்கி. வெள்ளைச் சதை, முள் குறைவு. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவிப் பொரித்தால் வீட்டில் மறுபடி எப்போது போகிறீர்கள் என்று கேட்பார்கள். பெரிய லார்ஜ்மவுத்தையும் ஸ்மால்மவுத்தையும் திருப்பி விடுங்கள். குளிர்ந்த தெளிந்த தண்ணீரில் ஸ்மால்மவுத் மெதுவாகத்தான் வளரும், பெரிதாவதற்குப் பல வருடம் எடுத்திருக்கும்.

முதல் நாளுக்கு இப்படிப் போங்கள். மேகமூட்டமான ஒரு காலை, விடிவதற்கு அரைமணி முன்னால். ஒரு ராடு, கால் அவுன்ஸ் குண்டு ஆறு, முள் ஒரு பாக்கெட், பச்சைப் பழுப்புப் புழு ஒரு பாக்கெட், நகவெட்டி. ஒரே ஒரு சரளை மேட்டைத் தேர்ந்தெடுத்து, மதியம்வரை அதை விட்டு நகராதீர்கள். 10 அடியில் அரைமணி, 20 அடியில் அரைமணி, 30 அடியில் அரைமணி. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, கனம் கூடிய ஒவ்வொரு தடவையும் நேரம், ஆழம், தரை சரளையா பாறையா, காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மாட்டாமல் நழுவியதையும் எழுதுங்கள். அடுத்த வாரம் வேறொரு மேட்டுக்குப் போகும்போது, நோட்டில் அதிகம் வந்திருக்கும் ஆழத்தில் முதல் வீச்சைப் போடுங்கள்.